கோஸ்டா ரிகாவுக்கு குடும்பத்தோட போறீங்களா? தாத்தா பாட்டி, குட்டிப் பசங்க எல்லாருக்கும் ஒத்து வர்ற 10 நாள் பிளான்

போன ஜூலைல நாங்க ஆறு பேர் போனோம். நான், மனைவி, ஒன்பது வயசு பையன், அஞ்சு வயசு பொண்ணு, அப்புறம் ஆறு மாசத்துக்கு டெக்சாஸ் வந்திருந்த எங்கப்பா அம்மா. அப்பாவுக்கு முட்டி வலி, அம்மா முட்டை கூட தொடாத சைவம், பொண்ணுக்கு கார்ல வளைவு வந்தா வாந்தி. இந்த மூணையும் வச்சுகிட்டு மலையும் காடும் கடலும் இருக்கிற ஒரு நாட்ட சுத்திட்டு சண்டை போடாம திரும்பி வந்தோம், அதனால எழுதலாம்னு தோணுச்சு.

முதல்லயே ஒன்னு சொல்லிடுறேன். கோஸ்டா ரிகா சென்ட்ரல் அமெரிக்காவுல இருக்கிற சின்ன நாடு, மொத்தமே 51,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், தமிழ்நாட்டுல பாதி கூட இல்ல. மேப்ப பாத்ததும் "அட எல்லாமே பக்கத்துலதான்"னு நினைச்சு ஏழு ஊர் போட்டு லிஸ்ட் எழுதிடுவோம், நானும் எழுதினேன். அங்க கிலோமீட்டர பாக்கவே கூடாது, மணிநேரத்த மட்டும் பாருங்க. பறவை மாதிரி பறந்தா முப்பது கிலோமீட்டர் கூட இல்லாத இடத்துக்கு ரோட்டுல மூணரை மணி நேரம் ஆகும். ஏழு ஊர வெட்டி மூணு ஊர் ஆக்கினதுதான் நான் இந்த டிரிப்புக்கு செஞ்ச உருப்படியான ஒரே வேலை.

படி 1: எப்ப போறது

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வெயில் காலம், மே முதல் நவம்பர் வரைக்கும் மழை காலம். வெயில் காலத்துல கூட்டமும் ரேட்டும் ரெண்டுமே ஏறிடும், கிறிஸ்துமஸ் வாரம், ஈஸ்டர் வாரம் சொல்லவே வேணாம். பசங்களுக்கு ஸ்கூல் லீவு ஜூன் ஜூலைலதானே, மழைல மாட்டிக்குவோமோன்னு பயந்தோம். ஆனா ஜூலைல பசிபிக் பக்கம் மழை கொஞ்சம் மூச்சு விடும், அத வெரனில்யோன்னு சொல்றாங்க, குட்டி கோடைன்னு அர்த்தம். எங்களுக்கு காலைல எல்லாம் நல்ல வெயில், மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு மேல ஒரு அடி அடிச்சு ஊத்தும், அப்புறம் விட்டுடும். அதனால எல்லா வேலையும் காலைலயே முடிச்சிடணும், மத்தியானம் தூக்கம். தாத்தா பாட்டிக்கு இத விட நல்ல டைம்டேபிள் கிடையாது.

செப்டம்பர் அக்டோபர்ல பசிபிக் பக்கம் செம மழை, ஆனா கரீபியன் பக்கம் அப்ப தெளிவா இருக்கும். அந்த நேரம் போறவங்க நான் கீழ சொல்ற ரூட்ட விட்டுட்டு கவுய்தா, புவெர்தோ வியெஹோ பக்கம் பாருங்க.

படி 2: பேப்பர் வேலை (இத ஸ்கிப் பண்ணாதீங்க)

இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து, பலமுறை போய் வர்ற அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா கோஸ்டா ரிகாவுக்கு தனி விசா வேணாம். அப்பா அம்மா பி2ங்கிற அமெரிக்க சுற்றுலா விசால வந்திருந்தாங்க, எந்த கேள்வியும் இல்லாம விட்டாங்க. திரும்பி வர்ற டிக்கெட்ட மட்டும் கேட்டு பாத்தாங்க, பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. விதி மாறிட்டே இருக்கும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அவங்க தூதரக சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

பெரிய ஆபத்து போறதுல இல்ல, திரும்பி வர்றதுல. ஹெச்1பிங்கிற வேலை விசால இருக்கிற நிறைய பேருக்கு பாஸ்போர்ட்ல இருக்கிற விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருக்கும், ஐ-797ங்கிற அனுமதி கடிதம் மட்டும் புதுசா இருக்கும். மெக்சிகோ, கனடாவுக்கு முப்பது நாளைக்குள்ள போயிட்டு வந்தா அந்த பழைய ஸ்டாம்ப்லயே உள்ள விடுற ஒரு சலுகை இருக்கு. அது கோஸ்டா ரிகாவுக்கு கிடையாது. "பக்கத்து நாடுதானே"ன்னு கிளம்பிட்டு அங்க அமெரிக்க தூதரக வாசல்ல நிக்காதீங்க. பேரண்ட்ஸுக்கு திரும்பி வரும்போது புதுசா ஐ-94 (எந்த தேதி வரைக்கும் தங்கலாம்னு காட்டுற பதிவு) போடுவாங்க, வந்ததும் அந்த தேதிய செக் பண்ணுங்க.

படி 3: ரூட்

9 ராத்திரி, 10 நாள். சான் ஹோசே ஏர்போர்ட் உண்மையில அலஹுவேலாங்கிற ஊர்லதான் இருக்கு, முதல் ராத்திரி அங்கயே ஒரு சின்ன ஹோட்டல். அப்புறம் லா ஃபோர்துனா 3 ராத்திரி, மோன்தெவெர்தே 2 ராத்திரி, மனுவெல் அந்தோனியோ 2 ராத்திரி, கடைசி ராத்திரி மறுபடி அலஹுவேலா.

எரிமலை, மேகக்காடு (மேகம் மூடியே இருக்கிற மலைக்காடு), கடற்கரை மூணும் வந்துடுச்சு. தோர்துகேரோ ஆமைகள விட்டதுக்கு பையன் ரெண்டு நாள் மூஞ்ச தூக்கி வச்சிருந்தான். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் பச்சை ஆமைங்க முட்டை போட வர்ற இடம், ஆனா ரோடே கிடையாது, படகுலயோ குட்டி விமானத்துலயோதான் போகணும். அப்பா முட்டிய நினைச்சு விட்டுட்டோம்.

டிக்கெட் போடும்போது கிழமைய பாருங்க. மனுவெல் அந்தோனியோ தேசிய பார்க் செவ்வாய்க்கிழமை லீவு. இந்த பிளான்ல எட்டாவது நாள்தான் பார்க், அதாவது நீங்க செவ்வாய்க்கிழமை போய் இறங்கினா பார்க் நாளும் செவ்வாய்க்கிழமைல வந்து நிக்கும். அன்னிக்கு ஃபிளைட் ரேட் கம்மியா இருந்துச்சு, நான் புக் பண்ண போனேன், அம்மா "செவ்வாய் வெறுவாய்டா, அன்னிக்கு யாராச்சும் பயணம் கிளம்புவாங்களா"ன்னு தடுத்துட்டாங்க. பார்க் லீவு விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்ல அம்மாவுக்கு இன்னும் அந்த பெருமை போகல.

படி 4: வண்டி

ஆன்லைன்ல ஒரு நாளைக்கு இருபது டாலர்னு காட்டும், நம்பாதீங்க. அந்த நாட்டு சட்டப்படி மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அது உங்க கிரெடிட் கார்டு கவரேஜ்ல வராது, கவுண்டர்லதான் சேர்ப்பாங்க. எங்களுக்கு கவுண்டர்ல நின்னப்ப மொத்தம் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆச்சு, பின்னாடி பசங்க அழுகுறாங்க, அந்த நேரத்துல என்ன பேரம் பேசுறது, கையெழுத்து போட்டு சாவிய வாங்கிட்டு வந்தேன். முன்னாடியே மெயில் அனுப்பி "எல்லாம் சேர்த்து கடைசி தொகை எவ்ளோ"ன்னு எழுத்துல வாங்கிடுங்க. கார் எடுக்கும்போது சுத்தி வீடியோ எடுங்க, டயர், கண்ணாடி, கூரை உட்பட.

பன்னெண்டு வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு கார் சீட் இல்லன்னா பூஸ்டர் கட்டாயம், வீட்ல இருந்தே கொண்டு போயிடுங்க. உயரமான வண்டியா எடுங்க. மோன்தெவெர்தேவுக்கு பசிபிக் பக்கத்துல இருந்து ஏறுற மெயின் ரோட்டுக்கு இப்ப தார் போட்டுட்டாங்க, ஆனா லா ஃபோர்துனால இருந்து அரெனால் ஏரிய சுத்தி வர்ற வழில இன்னும் கல்லும் குழியும்தான்.

வருஷம் பூரா சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். மலை ரோட்டுல லைட் கிடையாது, பனி இறங்கும், ஓரத்துல திடீர்னு பள்ளம் வரும். அஞ்சு மணிக்குள்ள ரூம்ல இருக்கணும்னு ஒரு விதி வச்சுக்கோங்க. வழிக்கு வேஸ் ஆப் போதும், அங்க எல்லாரும் அததான் யூஸ் பண்றாங்க, ஏன்னா தெரு பேர், கதவு நம்பர்னு பெருசா எதுவும் கிடையாது. "சர்ச்ல இருந்து 200 மீட்டர் வடக்க"ன்னுதான் அட்ரஸே எழுதுவாங்க, 100 மீட்டர்னா ஒரு பிளாக்னு அர்த்தம், அளந்தெல்லாம் பாக்கக்கூடாது. பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்துன்னு வழி சொல்ற ஊர்ல இருந்து வந்த அப்பாவுக்கு இது ரொம்ப பிடிச்சுது.

குடும்பத்துல ஒருத்தர்தான் டிரைவர்னா, யோசிக்காம தனி வேன் புக் பண்ணிடுங்க. மொத்தமே நாலு நீளமான பயணம்தான். வண்டி இல்லாதவங்களுக்கு ஒரு போனஸும் இருக்கு, லா ஃபோர்துனால இருந்து மோன்தெவெர்தேவுக்கு வேன், படகு, வேன்னு ஏரிய குறுக்கால கடந்து போற சர்வீஸ். வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தா அதான் பெஸ்ட், நான் அடுத்த தடவ அப்படித்தான் போவேன்.

படி 5: லா ஃபோர்துனா, எரிமலை பக்கத்துல மூணு நாள்

அரெனால் எரிமலைய படத்துல வரையற மாதிரி கச்சிதமான கூம்பு. 1968 ஜூலை 29ல வெடிச்சு மேற்கு பக்கம் மூணு கிராமத்த அழிச்சுது, 80 பேருக்கு மேல செத்தாங்க. கிழக்கு பக்கம் இருந்ததால லா ஃபோர்துனா ஊர் தப்பிச்சுது. 2010 வரைக்கும் விடாம புகைஞ்சுகிட்டும் கக்கிகிட்டும் இருந்துச்சு, இப்ப அமைதி. ராத்திரி சிவப்பா லாவா ஓடுற ஃபோட்டோவெல்லாம் பழசு, பசங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. உச்சி எப்பவும் மேகத்துலதான் இருக்கும், காலைல ஆறு ஏழு மணிக்கு எட்டிப் பாத்தா தெரிய வாய்ப்பு அதிகம்.

முதல் நாள் தொங்கு பாலங்கள். மிஸ்திகோங்கிற இடத்துல மூணு கிலோமீட்டர் சுத்துப்பாதைல பதினாறு பாலம் இருக்கு, பாதை நல்லா போட்டிருக்காங்க, அப்பா கைத்தடியோட மெதுவா நடந்து முடிச்சுட்டார். இங்க கைடு வச்சுக்கோங்க, காசு பாக்காதீங்க. நம்ம கண்ணுக்கு வெறும் இலை, அவங்க கண்ணுக்கு அங்க பச்சை பாம்பு, தூங்குற தவளை, டூக்கான் எல்லாம் தெரியும். டெலஸ்கோப்ப மரத்துல திருப்பி அதுல உங்க ஃபோன வச்சு ஃபோட்டோவும் எடுத்து குடுப்பாங்க.

ரெண்டாம் நாள் அருவி. சுமார் 70 மீட்டர் உயரம், கீழ இறங்க ஏறக்குறைய 500 படி, டிக்கெட் ஆளுக்கு 20 டாலர் பக்கம். இறங்குறது சுகம், ஏறும்போதுதான் பழனி ஞாபகம் வரும். அருவிக்கு நேர் கீழ இழுப்பு ஜாஸ்தி, குளிக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளி ஓடைல பசங்கள விடலாம். அப்பாவும் பொண்ணும் மேலயே வியூ பாயிண்ட்ல உக்காந்துட்டாங்க, அங்க இருந்தே அருவி முழுசா தெரியுது.

சாயங்காலம் வெந்நீர் ஊற்று. தபாகோன் மாதிரி ரிசார்ட்டுக்கு தலைக்கு நல்ல காசு ஆகும். அதே எரிமலை சுடுதண்ணி ரோட்டோரமா ஆறா ஓடுது, அதுக்கு டிக்கெட்டே கிடையாது, ஊர்க்காரங்க எல்லாம் அங்கதான் குளிக்கிறாங்க. ஆனா வழுக்கும், உடை மாத்த இடம் இல்ல, இருட்டினதுக்கு அப்புறம் வேணாம். பெரியவங்க இருந்ததால நாங்க நடுத்தர ரேட்ல, படியும் கைப்பிடியும் இருக்கிற ஒரு இடத்துக்கு போனோம். முட்டி வரைக்கும் சுடுதண்ணில உக்காந்த அப்பா ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல.

மூணாம் நாள் ரியோ செலெஸ்தேங்கிற ஆத்துக்கு போறதா இருந்துச்சு. ரெண்டு ஓடை சேர்ற இடத்துல தண்ணி திடீர்னு வெளிர் நீலமா மாறும், சாயம் எதுவும் கிடையாது, தண்ணில மிதக்கிற கனிம துகள்ல வெளிச்சம் சிதறுறதால அப்படி தெரியுது. ஆனா ராத்திரி மழை கொட்டிச்சுன்னா நீலம் போய் காபி கலர் ஆயிடும், பாதையும் சேறு. எங்களுக்கு ராத்திரி முழுக்க கொட்டிச்சு. கேன்சல். ஹோட்டல் நீச்சல் குளத்துலயே நாள் போச்சு, பசங்கள கேட்டா அதான் பெஸ்ட் டேன்னு சொல்லுதுங்க, என்ன பண்றது.

படி 6: மோன்தெவெர்தே

இங்க ஸ்வெட்டர் வேணும். 1,400 மீட்டர் உயரம், காத்து வேற. ஜூலைல சென்ட்ரல் அமெரிக்காவுல நடுங்குவோம்னு யாரும் நினைக்கல, அம்மா புடவை மேல என் ரெயின்கோட்ட போட்டுட்டுதான் சுத்தினாங்க.

இந்த ஊரோட கதை சுவாரஸ்யமானது. கோஸ்டா ரிகா 1948ல ராணுவத்தையே கலைச்சுட்டாங்க. அமெரிக்காவுல அலபாமால இருந்த குவேக்கர்ங்கிற கிறிஸ்தவ பிரிவுக்காரங்க போருக்கு போக மாட்டோம்னு கொள்கை உள்ளவங்க, சிலர் அதுக்காக ஜெயிலுக்கே போனவங்க. ராணுவமே இல்லாத நாடா, அங்க போயிடலாம்னு 1951ல இந்த மலைல வந்து மாடு வளர்த்து சீஸ் பண்ணி பொழச்சாங்க. தண்ணிக்காக மேல இருந்த காட்ட வெட்டாம விட்டாங்க, 1972ல அத ஒட்டித்தான் மேகக்காடு சரணாலயம் வந்துச்சு. இந்த காட்டுல மட்டுமே இருந்த தங்க நிற தேரைய 1989க்கு அப்புறம் யாரும் பாக்கல, அழிஞ்சு போச்சு.

ராத்திரி கைடோட டார்ச் எடுத்துட்டு போற நைட் வாக் கண்டிப்பா பண்ணுங்க. ரெண்டு மணி நேரம் ஆகும், அஞ்சு வயசு குழந்தை தாங்குமான்னு யோசிச்சேன், அவதான் முதல் ஆளா மரத்துல தூங்குற பறவைய காட்டினா. மரத்துல தொங்கிகிட்டே மெதுவா நகர்ற ஸ்லாத்தும் இங்கதான் முதல்ல பாத்தோம். அம்மா "தேவாங்கு"ன்னாங்க, தேவாங்கு நம்ம ஊர் காட்டுல இருக்கிற வேற பிராணி, இது வேற. ஸ்பானிஷ்ல இதுக்கு பேரே சோம்பேறின்னுதான். வாரத்துக்கு ஒரு தடவ வெளிக்கு போகத்தான் மரத்த விட்டு கீழயே இறங்குமாம், இத கேட்டுட்டு பசங்க சிரிச்ச சிரிப்புல கைடு எங்கள அதட்ட வேண்டியதா போச்சு. ரோட்டோரம் யாராச்சும் ஸ்லாத்த தூக்கி வச்சுக்கோங்க, ஃபோட்டோ எடுத்துக்கோங்கன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அந்த நாட்டு அரசாங்கமே 2019ல மிருகங்களோட செல்ஃபி எடுக்காதீங்கன்னு பிரச்சாரம் பண்ணியிருக்கு.

அப்பாவுக்கு பிடிச்சது காபி, கரும்பு தோட்ட டூர். சோர்ரெயாதோர்னு மரச் சட்டத்துல துணிப்பை தொங்கும், அதுல பொடிய போட்டு சுடுதண்ணி ஊத்தினா கீழ டிகாஷன் இறங்கும். கும்பகோணத்துக்காரர், உடனே பால் கேட்டார். அதே மாதிரி கரும்புச்சாற காய்ச்சி அச்சுல ஊத்தி தாபா தெ துல்சேன்னு கட்டி போடுறாங்க, சுத்தமான நம்ம வெல்லம். அத சுடுதண்ணில கரைச்சு குடிக்கிறாங்க, சுக்கு ஏலக்காய் இல்லாத சூடான பானகம்.

படி 7: மனுவெல் அந்தோனியோ

மலைய விட்டு இறங்கி தெற்க நாலு நாலரை மணி நேரம். வழில தார்கோலெஸ் பாலத்துல நிறுத்துங்க, கீழ ஆத்து மணல்ல பெரிய பெரிய முதலைங்க மல்லாந்து கிடக்கும் (சரி, குப்புறத்தான் கிடக்கும்). கார்ல ஒருத்தர் இருங்க, சுற்றுலா இடங்கள்ல நிறுத்தின கார்ல கண்ணாடிய உடைச்சு பை எடுக்கிறது நாடு முழுக்க இருக்கிற பிரச்சனை. சாமானோட வண்டிய எங்கயும் விடாதீங்க.

பார்க் டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், கேட்ல விக்க மாட்டாங்க, பெரியவங்களுக்கு 18 டாலர் பக்கம். காலை முதல் ஸ்லாட் எடுங்க, சீக்கிரம் தீந்துடும். பார்க்குக்கு போற வழில ரோட்டுல நின்னு சீருடை மாதிரி சட்டை போட்டு கைய ஆட்டி "பார்க்கிங் இங்கதான், இதுக்கு மேல வண்டி போகாது"ன்னு சிலர் நிறுத்துவாங்க, நிறுத்தாம நேரா போங்க. உள்ள சாப்பாடு கொண்டு போகக்கூடாது, பைய திறந்து பாக்குறாங்க, அம்மாவோட தேங்காய் பர்பி கேட்லயே நின்னுடுச்சு. காரணம் உள்ள போனதும் புரிஞ்சுது, வெள்ளை மூஞ்சி குரங்கும் ரக்கூனும் பீச்ல வந்து ஜிப்ப திறந்து எடுக்குதுங்க.

மெயின் பாதை பெரும்பாலும் மட்டமா இருக்கும், மரப்பலகை நடைபாதையும் உண்டு, பெரியவங்களுக்கு கஷ்டமில்ல. பார்க்குக்கு உள்ள இருக்கிற பீச் அமைதியானது, வெளில இருக்கிற எஸ்பதில்யா பீச்ல அலை இழுப்பு உண்டு, பசங்கள கைய விடாதீங்க. விடியக்காலை நாலரை மணிக்கு சிங்கம் கர்ஜிக்கிற மாதிரி சத்தம் கேட்டு அம்மா எங்க ரூம் கதவ தட்டினாங்க. ஹவ்லர் குரங்கு. தினமும் கத்தும், அலாரம் வைக்க வேணாம்.

சாப்பாடு, காசு, மத்த விஷயம்

சோதாங்கிற சின்ன மெஸ்ஸுங்கள்ல சாப்பிடுங்க. காலைல காய்யோ பிந்தோ, அதாவது சோறும் கருப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கினது, மத்தியானம் கசாதோன்னு சோறு, பீன்ஸ், சாலட், பழுத்த வாழைக்காய் வறுவல் எல்லாம் ஒரே தட்டுல. மூவாயிரத்துல இருந்து அஞ்சாயிரம் கொலோன் ஆகும், ஒரு டாலருக்கு சுமார் 500 கொலோன். சைவம்னு சொன்னா மட்டும் போதாது, "ஸின் கார்னே"ன்னா மாட்டுக்கறி இல்லாமன்னு புரிஞ்சுகிட்டு கோழிய வச்சுடுவாங்க. ஸின் போயோ, ஸின் ஹாமோன், ஸின் ஊயெவோன்னு கோழி, ஹாம், முட்டை மூணையும் தனித்தனியா சொல்லுங்க. பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போடுவீங்களான்னும் கேளுங்க. அம்மாவுக்கு அடிச்ச லாட்டரி என்னன்னா அங்க சௌசௌவும் மரவள்ளிக்கிழங்கும் தினமும் கிடைக்குது, சௌசௌவ பொடியா நறுக்கி வதக்கின பிகாதில்யோ அப்படியே பொரியல்தான், தேங்காய்தான் இல்ல. காரம்னு ஒன்னு கிடையவே கிடையாது, பருப்புப் பொடியும் ஊறுகாய் பாக்கெட்டும் எடுத்துட்டு போங்க. ரோட்டோரம் ஜில்லுனு இளநீரும், சீசன்ல ரம்புத்தானும் விப்பாங்க, விடாதீங்க.

ரெஸ்டாரண்ட் பில்லுல 13 சதவீதம் வரி, 10 சதவீதம் சர்வீஸ் சேர்த்தேதான் வரும், மேல டிப்ஸ் வைக்கணும்னு கட்டாயம் இல்ல. டாலர் எல்லா இடத்துலயும் வாங்குவாங்க, கிழிஞ்ச நோட்டு வாங்க மாட்டாங்க. டோல்கேட்டுக்கும் சோதாவுக்கும் கொலோன் சில்லறை வச்சுக்கோங்க. குழாய் தண்ணி பெரும்பாலான ஊர்ல குடிக்கலாம். கொசு மருந்து அவசியம், டெங்கு உண்டு. பிளக் அமெரிக்காவுல இருக்கிறதேதான். டாய்லெட்ல பேப்பர உள்ள போடக்கூடாது, பக்கத்துல கூடை இருக்கும். ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டில போட்டுக்கோங்க, மிச்சத்த நான் சொல்ல வேண்டியதில்ல.

கடைசி நாள்

மனுவெல் அந்தோனியோல இருந்து ஏர்போர்ட் ரெண்டரை மூணு மணி நேரம்னு மேப் சொல்லும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச்ல இருந்து ஊரே திரும்பும்போது எவ்ளோ ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் கடைசி ராத்திரி அலஹுவேலால. நேரம் இருந்தா போவாஸ் எரிமலை பக்கம்தான், காருல கிட்டத்தட்ட வாய் வரைக்கும் போயிடலாம், ஆனா 2017லயும் 2025லயும் வெடிச்சு மூடினாங்க, திறந்திருக்கான்னு பாத்துட்டு ஆன்லைன்ல டிக்கெட் போடுங்க. நாங்க போகல. அதுக்கு பதிலா ஊர் சந்தைல ரெண்டு கிலோ காபிப் பொடி வாங்கினோம், அந்த துணிப்பை மரச் சட்டத்தையும் அப்பா விடாப்பிடியா வாங்கி மடில வச்சுகிட்டே ஃபிளைட் ஏறினார்.